போர்வெல் தண்ணீரில் அக்வாபோனிக்ஸ்: இலை வெளுப்பின் காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மொட்டை மாடியிலோ கொல்லையிலோ மீன் தொட்டியும் செடிப் படுக்கையும் இணைத்து, மீன் கழிவு கலந்த நீரிலேயே செடி வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் முறையைப் பின்பற்றுபவர்கள் என்னிடம் கொண்டு வரும் படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை: கொழுந்து இலை எலுமிச்சை நிறத்தில் வெளுத்திருக்கும், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், அருகில் ஏதோ ஒரு சத்துப் பொட்டலம் பிரிக்கப்பட்டிருக்கும். அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பது இந்த வேலையின் முதல் படியன்று. அது ஏழாவது, எட்டாவது படியில் வர வேண்டியது. படிகளின் வரிசை மாறினால் பணமும் மீனும் சேர்ந்தே போகும் என்பதைப் பல வீடுகளில் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

கீழே வரும் அளவுகள் அனைத்தும் 1000 லிட்டர் தண்ணீரும் ஏறத்தாழ 2 சதுர மீட்டர் செடிப் படுக்கையும் கொண்ட அமைப்புக்கு உரியவை. உங்கள் தொட்டி சிறியதானால் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் கொள்ளளவை அன்றி, அதில் உண்மையில் நிற்கும் தண்ணீரின் அளவையே கணக்கில் எடுக்க வேண்டும். 1000 லிட்டர் தொட்டியில் பெரும்பாலும் 800 லிட்டர்தான் நிற்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மீன் வளர்ப்புக் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டி ஒன்று தேவை. அதில் பி.எச்., அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய நான்கோடு, கேஹெச் என்று குறிக்கப்படும் கார்பனேட் காரத்தன்மைச் சோதனையும் இருக்க வேண்டும். புதியவர்கள் முதல் நான்கை வாங்கிவிட்டு ஐந்தாவதை விட்டுவிடுகிறார்கள். நம் ஊர்த் தண்ணீருக்கு அந்த ஐந்தாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

கிராமில் அளக்கும் சிறிய தராசு, 20 லிட்டர் வாளி ஒன்று, தனிக் காற்றுக்கல், 200 லிட்டர் நீல பேரல் ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும். பேரலைப் பழையதாக வாங்கினால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டறிந்து, உணவுப் பொருள் வைத்திருந்ததை மட்டுமே எடுங்கள். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் பேரல்களில் ரசாயனம் இருந்தவையும் கலந்துவிடுவதால், லேபிள் கிழிக்கப்பட்ட பேரலை விலை மலிவாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவதே நல்லது.

டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் அதன் எண்ணைச் சத்தின் அளவாக எண்ண வேண்டாம். கரைந்திருக்கும் எல்லா உப்பையும் அது சேர்த்தே காட்டும். போர்வெல் தண்ணீரில் 1200 என்று காட்டுவது சுண்ணாம்பும் சோடியமும் ஆகும். செடிக்கு வேண்டிய இரும்பு அதில் துளியும் இல்லாமல் இருக்கலாம்.

2. முதல் நாள் எதையும் ஊற்றாமல் வேரையும் இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்

வெளுத்த செடி ஒன்றை மெதுவாக வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ, உறுதியாக இருந்தால் அடுத்த படிக்குச் செல்லலாம். கரும்பழுப்பாக வழவழத்து, விரலால் உருவினால் மேல்தோல் கழன்று நூல் போன்ற நடுப்பகுதி மட்டும் மிஞ்சினால் அது வேரழுகல். சத்து தண்ணீரில் நிறையவே இருந்தாலும் அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது; இலையோ சத்துக் குறைவு போலவே வெளுக்கும். இதற்கு மருந்து காற்றும் நிழலும்தான். தண்ணீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும்போது அதில் கரையும் பிராணவாயு குறைகிறது, அழுகல் பூஞ்சை பெருகுகிறது. ஆகவே நிழல்வலை கட்டி, காற்றுக்கல் கூட்டி, அழுகிய செடிகளை அகற்றிவிட்டு ஒரு வாரம் கழித்தே இலையை மீண்டும் பார்க்க வேண்டும்.

அடுத்ததாக இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈ, அசுவினி, செம்பேன், இலைப்பேன் ஆகியவை சாறு உறிஞ்சிய இலையும் புள்ளி புள்ளியாக வெளுக்கும். மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனையும், கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் சிலந்திப்பேனையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். சத்துக் குறைவில் நிறமாற்றம் இலையின் இரு பாதியிலும் ஒரே சீராக இருக்கும். தாறுமாறான திட்டுகளும் மொசைக் போன்ற கலப்பும் பெரும்பாலும் பூச்சி அல்லது நச்சுயிரியின் வேலை. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தாலே பாதித் தவறு குறைந்துவிடும்.

3. தண்ணீரை அளவிடும் வரிசை

சோதனையைக் காலை வேளையில், மீனுக்குத் தீவனம் இடும் முன்பு, தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். தொட்டியில் பாசி இருந்தால் பகலில் பி.எச். ஏறி இரவில் இறங்கும். மாலையில் ஒரு நாளும் காலையில் மறுநாளும் அளந்துவிட்டு, ஏறிவிட்டது இறங்கிவிட்டது என்று பதறுவதில் பொருளில்லை. நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். குழல் விளக்கின் கீழ் நிறம் மாறித் தெரியும்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் இலையை மறந்துவிட்டு, முதலில் தீவனத்தை நிறுத்தி மீனைக் காப்பாற்றுங்கள். அம்மோனியாவின் நச்சு பி.எச்.சைப் பொறுத்தது. 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7-இல் மொத்த அம்மோனியாவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது ஆறு, ஏழு விழுக்காடு ஆகிவிடும். கார நீர் நிறைந்த நம் பகுதியில் மீன் சாவதற்கு இது ஒரு பெருங்காரணம்.

அவை சரியாக இருந்தால் பி.எச்.சையும் காரத்தன்மையையும் சேர்த்து எழுதுங்கள். மீன், பாக்டீரியா, செடி ஆகிய மூன்றும் ஒத்துப்போகும் இடம் பி.எச். 6.4 முதல் 7 வரை. 7.5-ஐத் தாண்டினால் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் ஆகியவை தண்ணீரில் இருந்தும் செடிக்குக் கிடைக்காத வடிவத்துக்கு மாறிவிடும். 6-க்குக் கீழே இறங்கினால் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா சோர்ந்துவிடும்.

காரத்தன்மை என்பது பி.எச். அல்ல, பி.எச்.சை இறங்கவிடாமல் பிடித்துவைக்கும் கார்பனேட்டின் இருப்பு அது. சோதனைப் பெட்டி அதை டிகிரியில் காட்டும். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம். என் வீட்டுப் போர்வெல்லில் 18 டிகிரி காட்டியது, அதாவது ஏறத்தாழ 320 மில்லிகிராம். தொட்டிக்கு ஏற்றது 60 முதல் 140 வரை.

தொட்டியை அளந்ததோடு நிறுத்தாமல், ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாக நீங்கள் தினமும் ஊற்றும் தண்ணீரையும் தனியே அளவிடுங்கள். போர்வெல் தண்ணீரைப் பிடித்த உடனே அளந்தால் அதில் கரைந்துள்ள கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) காரணமாக பி.எச். குறைவாகத் தெரியும். 24 மணி நேரம் காற்றுக்கல் போட்டு வைத்துப் பிறகு அளந்தால்தான் உண்மையான எண் வரும். புதிதாக வந்த ஒருவர், "தண்ணி ஏழுதான் காட்டுது, தொட்டிக்குப் போனா மட்டும் எட்டு ஆகுதுங்க" என்று தொட்டியையே குறை சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீரிலேயே அந்த எட்டு ஒளிந்திருந்தது.

செடிப் படுக்கையில் நிரப்பும் ஜல்லியையும் சோதியுங்கள். கிருஷ்ணகிரி கிரானைட் ஜல்லி தண்ணீரில் கரையாது. ஆனால் அதனுடன் கலந்து வரும் சுக்கான்கல் கரைந்துகொண்டே இருக்கும். ஒரு கைப்பிடி ஜல்லியின் மேல் வினிகரை விட்டு, நுரை எழும் கற்களைப் பொறுக்கி எறியுங்கள். புதிதாகப் பூசிய சிமெண்டுத் தொட்டியும் பல வாரங்கள் பி.எச்.சை ஏற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், அதைப் பலமுறை நீர் மாற்றி ஊறவைத்த பின்பே மீன் விட வேண்டும்.

4. தொட்டியைத் தொடாமல், ஊற்றும் தண்ணீரைத் திருத்துங்கள்

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நம் பகுதியில் இலை வெளுப்பின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 7 கிராம் காரத்தன்மை செலவாகிறது. 32 விழுக்காடு புரதமுள்ள தீவனம் நாளுக்கு 80 கிராம் இட்டால், அதிலிருந்து வெளிவரும் அம்மோனியா தோராயமாக 15 முதல் 18 கிராம் வரை காரத்தன்மையைத் தின்னும். ஆக, ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் இயல்பே பி.எச். இறங்குவதுதான். வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லோரும் பி.எச்.சை ஏற்றுவதற்கு வழி சொல்வது இதனால்தான்.

நம் வீட்டில் நடப்பது வேறு. கோடையில் இந்த அளவு அமைப்பிலிருந்து ஆவியாகவும் செடி வழியாகவும் நாளுக்கு 25 லிட்டர் வரை குறையும். அந்த இடத்தில் 320 மில்லிகிராம் காரத்தன்மையுள்ள போர்வெல் தண்ணீரை ஊற்றினால் தினமும் 8 கிராம் காரத்தன்மை உள்ளே போகிறது. தீவனம் குறைவாக இடும் வீட்டில், உதாரணமாக நாளுக்கு 30 கிராம் மட்டும் இடும் இடத்தில், பாக்டீரியா தின்பதைவிட நாம் ஊற்றுவது அதிகமாகிவிடுகிறது. தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போக, சுண்ணாம்பும் சோடியமும் தங்கிவிடுவதால் மாதத்துக்கு மாதம் பி.எச். 8-லேயே குத்தவைத்து நிற்கும்.

தொட்டியில் நேரடியாக அமிலம் ஊற்றினால் அன்று மாலை பி.எச். 7-க்கு இறங்கும், மறுநாள் காலை பழைய இடத்துக்கே ஏறிவிடும். காரத்தன்மை தீரும்வரை இது நடந்துகொண்டே இருக்கும். தீர்ந்த நாளில் திடீரென்று ஐந்துக்கு விழும். இந்த ஏற்ற இறக்கம் மீனுக்கு உயர் பி.எச்.சைவிடக் கொடியது.

ஆகவே தொட்டியை அப்படியே விட்டுவிட்டு, ஊற்றும் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். என் அனுபவத்தில் மழைநீரே முதல் தேர்வு. 500 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் கணக்குப்படி 460 லிட்டர் விழும்; முதலில் வரும் அழுக்கு நீரை விட்டுவிட்டாலும் 400 லிட்டர் தேறும். ஒரு பங்கு போர்வெல் தண்ணீருக்கு இரண்டு பங்கு மழைநீர் சேர்த்தால் 320 என்பது 110 அளவுக்கு இறங்கிவிடும். இந்தக் கலவையை ஊற்றத் தொடங்கிய பின் தொட்டியின் காரத்தன்மை தானாகவே சில வாரங்களில் இறங்கும், அமிலமே தேவைப்படாது.

மழைநீர் தீர்ந்தால் ஆர்ஓ தண்ணீரை அதே விகிதத்தில் கலக்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் கிடைக்கும் தெருக்களில் அது காவிரி நீர் என்பதால் பெரும்பாலும் போர்வெல்லைவிட மென்மையாக இருக்கும். குளோரின் கலந்து வருவதால் திறந்த பேரலில் ஒரு நாள் காற்றுக்கல்லோடு வைத்து, காரத்தன்மையை அளந்த பின்பே பயன்படுத்த வேண்டும். நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடுக்காகவே வந்த திட்டம் அது. உண்ணும் கீரையை வளர்க்கும் தொட்டியில், ஆவியாக ஆவியாக ஃபுளோரைடும் செறியும் என்பதையும் எண்ணிப் பார்த்தால், மழைநீருக்கு ஒரு தொட்டி கட்டும் செலவு வீண் செலவல்ல.

அமிலம்தான் ஒரே வழி என்ற நிலையில், அதைப் பேரலில் உள்ள நீருக்கு மட்டும் சேருங்கள். 20 லிட்டர் வாளியில் நீர்த்த அமிலத்தைச் சில மில்லிலிட்டராகச் சேர்த்து, ஒரு நாள் காற்றோட்டம் கொடுத்து, காரத்தன்மை 100-க்கு வரும் அளவைக் கண்டுபிடித்து, அதைப் பேரலுக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். பாஸ்பாரிக் அமிலத்தை மட்டுமே நம்பினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அளவுமீறி ஏறி, சுண்ணாம்பையும் இரும்பையும் படிய வைத்துவிடும். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) பாக்டீரியாவைப் பாதிக்கும். பேட்டரி அமிலத்திலும் கழிவறை கழுவும் அமிலத்திலும் வேறு கலப்பு இருக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் விடக் கூடாது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இந்த வழியையே விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து.

எந்த வழியானாலும் தொட்டியின் பி.எச். ஒரு நாளில் 0.2 அல்லது 0.3-க்கு மேல் மாறக் கூடாது.

5. தீவனக் கணக்கைச் சரிபாருங்கள்

செடிக்குப் போகும் உரம் முழுவதும் மீன் தீவனத்திலிருந்துதான் வருகிறது. கீரை வகைகளுக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் வரையும், தக்காளி, மிளகாய் போன்ற காய்க்கும் செடிகளுக்கு 50 முதல் 80 கிராம் வரையும் தீவனம் வேண்டும். இரண்டு சதுர மீட்டர் கீரைக்கு 80 முதல் 100 கிராம். வளர்ந்த மீன் தன் எடையில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை தின்னும் என்பதால், அதற்கு ஏறத்தாழ 6 கிலோ மீன் தொட்டியில் இருக்க வேண்டும். விரல் நீளக் குஞ்சுகள் முப்பதை விட்டுவிட்டு நான்கு படுக்கை நிறையத் தக்காளி நட்டால் செடி முழுவதும் வெளுக்கத்தான் செய்யும்.

அடி இலைகள் ஒரே சீராக வெளிர்ந்து, நைட்ரேட் 10-க்குக் கீழே இருந்தால் அது தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு. தீவனத்தைப் பத்து நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள், அல்லது செடியைக் குறையுங்கள். நைட்ரேட் 100-க்கு மேல் இருந்தும் இலை வெளுத்தால் குறை வேறெங்கோ இருக்கிறது. தீவனத்தைக் கூட்டுவதில் பயனில்லை.

தவிடும் கடலைப் புண்ணாக்கும் மட்டும் போட்டு வளர்ப்பவர்கள், செடிக்கான தாது உப்புகள் குறைவாகவே வரும் என்பதை அறிந்திருக்க வேண்டும். பாதியாவது மிதவைத் தீவனமாக இருக்கட்டும். வடிகட்டியில் சேரும் கசடையும் கொட்டிவிடாதீர்கள். மணிச்சத்தும் நுண்சத்துகளும் அதில்தான் நிறைய உள்ளன. தனி வாளியில் இரண்டு வாரம் விடாமல் காற்றோட்டம் கொடுத்துத் தெளியவைத்து, நாற்றம் இல்லாத மேல் நீரை மட்டும் சிறிது சிறிதாகத் தொட்டிக்குத் திருப்புங்கள்.

6. எந்த இலை என்பதை முதலில், எந்த நிறம் என்பதைப் பிறகு பாருங்கள்

மேலே சொன்னவை சரியான பிறகும் வெளுப்பு நீடித்தால்தான் தனிச் சத்தைத் தேட வேண்டும். தழை, மணி, சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளையும் மக்னீசியத்தையும் செடி தன் பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்ப வல்லது. அதனால் இவை குறைந்தால் அடி இலையில் முதலில் தெரியும். இரும்பு, சுண்ணாம்பு, போரான், மாங்கனீசு, துத்தநாகம் ஆகியவற்றை அப்படி எளிதில் நகர்த்த முடியாது. அதனால் கொழுந்தில்தான் முதலில் தெரியும்.

நரம்பிடையே வெளுப்பு என்பது இரும்பிலும் வரும், மக்னீசியத்திலும் வரும். இடம் பார்க்காமல் படத்தோடு ஒப்பிடுபவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். படுக்கையில் ஒரே வகைச் செடி பத்து இருந்தால் பத்திலும் அந்த அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றில் மட்டும் இருந்தால் அது அந்தச் செடியின் வேரைப் பற்றிய செய்தி.

7. இரும்புச் சத்து

கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைவு. மீனுக்கு இரும்பு மிகக் குறைவாகவே தேவை என்பதால் தீவனத்திலும் அது குறைவுதான். ஆகவே எல்லாம் சரியாக நடக்கும் தொட்டியிலும் இதை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும்.

தொடக்கத்தில் நானும் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) தொட்டியில் கரைத்தேன். ஒரு மாதத்தில் மூன்று முறை இட்டும் இலை பச்சையாகவில்லை. குழாயின் உட்புறமெல்லாம் துருநிறப் படலம் படிந்ததுதான் மிச்சம். கார நீரில் அன்னபேதியின் இரும்பு விரைவில் துருவாகிப் படிந்துவிடும், செடிக்குப் போய்ச் சேராது. இதனால்தான் கொடுக்குப் பிணைப்புள்ள (செலேட்) இரும்பு, அதாவது படிந்துவிடாமல் பிடித்துவைக்கும் பொருளோடு சேர்ந்த இரும்பு தேவைப்படுகிறது.

அதிலும் வகை பார்த்து வாங்க வேண்டும். உரக் கடையில் எளிதில் கிடைப்பது ஈடிடிஏ வகை, அது பி.எச். 6.5-க்கு மேல் இரும்பை விட்டுவிட்டுச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். டிடிபிஏ வகை 7 முதல் 7.5 வரை தாங்கும். ஈடிடிஹெச்ஏ வகை 9 வரை தாங்கும்; விலை கூடுதல், தண்ணீரையும் சிவப்பாக்கும். நான்காம் படி முடிந்து பி.எச். 7-ஐ ஒட்டி வந்திருந்தால் டிடிபிஏ போதும். இன்னும் 8-இல் நிற்கும் தொட்டிக்கு ஈடிடிஹெச்ஏ மட்டுமே பயன் தரும்.

இலக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு. 1000 லிட்டருக்கு 11 விழுக்காட்டு டிடிபிஏ என்றால் 18 கிராம், 6 விழுக்காட்டு ஈடிடிஹெச்ஏ என்றால் 33 கிராம். முதல் நாள் பாதியும் மூன்று நாள் கழித்து மீதியும், வாளி நீரில் முழுதும் கரைத்து, மாலையில் ஊற்றுங்கள். நிறம் பார்த்துச் செய்யும் சோதனைகளை ஊற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சிவந்த நீரில் எந்த நிறமும் சரியாகத் தெரியாது. இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொழுந்தைப் பார்த்து மீண்டும் இடலாம்.

கொடுக்குப் பிணைப்புள்ள இரும்பு கிடைக்காதபோது அன்னபேதியை இலைவழித் தெளிப்பாகப் பயன்படுத்தலாம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் எலுமிச்சை உப்பும் கரைத்து, வெயில் தாழ்ந்த பின், தொட்டியைப் பாலித்தீன் விரிப்பால் மூடிவிட்டு, ஒரு செடியில் முயன்று பார்த்துப் பிறகு தெளியுங்கள். ஒட்டுவதற்காகச் சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டாம். அது மீனின் செவுளைக் கெடுக்கும்.

8. சாம்பல் சத்தும் மக்னீசியமும்

அடி இலையின் ஓரம் மஞ்சளாகிப் பிறகு தீய்ந்தது போலக் காய்ந்தால், அதோடு தக்காளியில் பூ வந்தும் காய் சிறுத்தால், சாம்பல் சத்துக் குறைவு. இதுவும் மீன் தீவனத்தில் குறைவானதே.

பொட்டாசியம் பைகார்பனேட்டையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் பலர் பரிந்துரைப்பார்கள். அவை பி.எச். இறங்கும் மென்னீர்த் தொட்டிகளுக்கு உரியவை. நம் கார நீரில் அவற்றை இடுவது எரிகிற அடுப்பில் விறகு வைப்பதுதான். நமக்கு உரியது நீரில் முழுதும் கரையும் பொட்டாசியம் சல்பேட், கடையில் 0-0-50 என்று கேட்டால் தருவார்கள். 25 கிராம் இட்டால் 1000 லிட்டரில் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் பொட்டாசியம் கூடும். மூன்று நாள் இடைவெளியில் நான்கு முறை இட்டுவிட்டு நிறுத்திப் பாருங்கள்.

அளவு மீறினால் அது மக்னீசியத்தையும் சுண்ணாம்பையும் உள்ளே விடாது. சாம்பல் சத்து இட்ட சில வாரங்களில் அடி இலையில் நரம்பிடையே மஞ்சள் படர்ந்தால், பேதி உப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேட்டை 50 கிராம் வீதம் வாரம் ஒருமுறை இரண்டு வாரம் இடுங்கள். ஒவ்வொரு முறையும் லிட்டருக்கு 5 மில்லிகிராம் மக்னீசியம் கூடும். இரண்டையும் ஒரே நாளில் இடாதீர்கள்; எது வேலை செய்தது என்று பிறகு சொல்ல இயலாது.

9. சுண்ணாம்புச் சத்து

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கினால் எல்லோரும் சுண்ணாம்புக் குறைவு என்பார்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றும் தொட்டியில் சுண்ணாம்பு குறைய வாய்ப்பு அரிது. காய்க்கு அது போய்ச் சேரவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. மின்தடையில் பம்பு நின்று படுக்கை காய்வது, கடும் வெயில், மிகையான சாம்பல் சத்து ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். மழைநீரோ ஆர்ஓ நீரோ மட்டும் மாதக்கணக்கில் ஊற்றியிருந்தால்தான் உண்மையான குறைவு வரும். அப்போது கழுவி உலர்த்தி நொறுக்கிய முட்டை ஓட்டையோ கிளிஞ்சலையோ வலைப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டால் காரத்தன்மையும் சேர்ந்தே மீளும். மழைநீரோடு ஒரு பங்கு போர்வெல் தண்ணீரை விடாமல் வைத்திருக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

10. மற்றவை

மாங்கனீசும் துத்தநாகமும் குறைந்த அடையாளங்கள் இரும்பைப் போலவே இருக்கும். துத்தநாகத்தில் இலையும் சிறுக்கும். பி.எச். இறங்கினால் இவை பெரும்பாலும் தாமாகவே சரியாகும். போரானுக்கு வேண்டிய அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால், குருத்து கருகுகிறது என்று மட்டும் பார்த்து அதைத் தொட்டியில் இடுவதை நான் ஆதரிப்பதில்லை. இலை ஊதா நிறம் கொள்வது மணிச்சத்துக் குறைவாக இருக்கலாம். ஆனால் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரிலும் ஊதா வரும். அது வெயில் ஏறினால் போய்விடும்.

11. தொட்டிக்குள் போகவே கூடாதவை

யூரியாவை ஒரு கைப்பிடி தூவினால் செடி பச்சையாகும் என்று ஒருவர் செய்து பார்த்தார். இரண்டு நாளில் அது அம்மோனியாவாக மாறி, விடியற்காலையில் மீன்கள் மேலே மிதந்தன. மயில்துத்தமும் போர்டோக் கலவையும் தாமிரம் கொண்டவை. மீனுக்கு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. உரக் கடை நுண்ணூட்டக் கலவைகளிலும் தாமிரமும் துத்தநாகமும் இருக்கும். மண்ணுக்குச் சொன்ன அளவைத் தொட்டியில் கரைக்காதீர்கள். துத்தநாகம் பூசிய (கால்வனைஸ்) தகரத் தொட்டியிலிருந்தும் துத்தநாகம் கசியும்.

மீனுக்கு நோய் வந்தால் கல்லுப்பு போடும் வழக்கம் உண்டு. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே போடுங்கள். அமைப்புக்குள் போன சோடியம் தானாக வெளியேறாது; செடி சாம்பல் சத்தை எடுப்பதற்கும் தடையாக நிற்கும்.

12. இட்ட பிறகு எப்போது, எந்த இலையைப் பார்ப்பது

காய்ந்து தீய்ந்த இலை மீண்டும் பச்சையாகாது. மருந்து இட்ட அன்று கொழுந்துக்கு அடுத்த இலையின் காம்பில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். நூலுக்கு மேலே புதிதாக வரும் இலைகளை மட்டுமே கணக்கில் எடுங்கள். இரும்பு என்றால் ஐந்து முதல் எட்டு நாளில் வேறுபாடு தெரியும், சாம்பல் சத்துக்கும் மக்னீசியத்துக்கும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

நோட்டில் தேதி, ஊற்றிய தண்ணீர் எத்தனை லிட்டர், எங்கிருந்து எடுத்தது, பி.எச்., காரத்தன்மை, நைட்ரேட், தீவனம் எத்தனை கிராம், இட்ட பொருள் ஆகியவற்றை எழுதுங்கள். ஊற்றிய லிட்டரை எழுதுவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இலை வெளுத்த மாதத்தை அந்தப் பத்தியோடு ஒப்பிட்டால், கோடையில் போர்வெல் தண்ணீர் அதிகம் போன வாரங்களுக்குப் பின்னால்தான் அது வந்திருப்பது தெரியும்.

இரண்டு வாரம் கழித்தும் நூலுக்கு மேல் வந்த இலை வெளுப்பாகவே இருந்தால், அளவை இரட்டிப்பாக்காமல் இரண்டாம் படிக்குத் திரும்பி, மறுபடி வேரிலிருந்து பாருங்கள்.